சீட்டுக்கு அடியில் ஒரு டக்

மின்சாரத்தைப் பார்த்து நான் வாய் பிளந்தது முப்பத்திரண்டு வயதில். அதுவும் ஒரு பொம்மைக் காரில். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

ஓசூரில், வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகச் சேர்த்துத் தரும் ஒரு கம்பெனியில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். நகரும் பலகை ஒன்று என் முன்னால் வந்து நிற்கும். எனக்கென்று ஒதுக்கிய ஒயர்களை அதில் படுக்கவைத்து, கனெக்டர்களை மாட்டி அனுப்ப வேண்டும். மாட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது: தள்ளு, கேளு, இழு. தள்ளினால் 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். பிறகு லேசாக இழுத்து, கையோடு வரவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு ஓதுவார்கள். நான் வீட்டில் டிபன் பாக்ஸை மூடினால்கூட ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். எங்கள் லைனில் எல்லோரும் பயப்படுவது பாதி மாட்டிய கனெக்டருக்குத்தான். பார்வைக்கு மாட்டியதுபோலவே இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. அப்படி ஒன்று நம் கையிலிருந்து போய்விட்டால் அன்றைக்கு லைனில் தலை நிமிர முடியாது.

இத்தனை மாட்டியும், அந்த ஒயர்கள் ஒரு வண்டிக்குள் போய் என்ன செய்கின்றன என்று நான் பார்த்ததே இல்லை. எங்கள் கட்டுகள் பெட்டியில் ஏறிப் போய்விடும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வேறு கம்பெனியின் கதை.

போன வருடம் மொட்டை மாடிப் படியில் தண்ணீர் சிந்திக் கிடந்தது. ஐந்து வயது மகள் வழுக்கி விழுந்தாள். இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டார்கள். ஐந்து வாசல் உள்ள லைன் வீட்டில், நீளமான சிமெண்ட் முற்றத்தில் நாளெல்லாம் ஓடிக்கொண்டிருந்தவள் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். சாப்பிட மாட்டாள், பேச மாட்டாள். கேட்டதற்கு மட்டும் தலையை ஆட்டுவாள்.

மாடியில் இருக்கும் வீட்டுக்கார அக்கா வீட்டுக்குள் கன்னடம் பேசுவார், பால்காரரிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ். அவர் மகன் சின்ன வயதில் ஓட்டிய பேட்டரி கார் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. கதவில்லாத சிவப்பு ஜீப். அதை ஆள் வைத்துக் கீழே இறக்கினார். "ஓடுதோ இல்லியோ, பாப்பா அதுல குந்திக்கினாவது இருக்கட்டும்மா," என்றார்.

வார விடுமுறை நாளில் சீட்டைத் தூக்கினேன். பழைய பேட்டரி உப்பிப்போய்க் கிடந்தது. கனெக்டரின் பித்தளைப் பின்களில் பச்சையாகப் பொடி பூத்திருந்தது. என் கண் அதிலெல்லாம் நிற்கவில்லை. கறுப்பு டேப் சுற்றிய ஏழெட்டு ஒயர்கள், கிளை பிரிந்து பெடலுக்கும் சுவிட்சுக்கும் பின்சக்கர மோட்டார்களுக்கும் போய்க்கொண்டிருந்தன. எங்கள் பலகையில் நான் தினமும் படுக்கவைக்கும் கட்டின் குட்டி அது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு வருடமாக முகம் தெரியாமல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தவரை நேரில் பார்த்ததுபோல இருந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் புது பேட்டரி வாங்கிவந்தேன். கையில் வைத்தால் ஒரு செங்கல் அளவுதான். இற்றுப்போன ஒயர்களை வெட்டி, நிறம் பார்த்து இணைத்தேன். எங்கள் லைனில் கட்டிய புருஷனை நம்பாவிட்டாலும் நிறத்தை நம்புவோம். அங்கேதான் கோட்டை விட்டேன். இதற்கு முன்னால் யாரோ ஒரு மெக்கானிக் கைக்குக் கிடைத்த நிறத்தில் மோட்டாருக்கு ஒயர் மாற்றியிருக்கிறார். மகளைத் தூக்கி உட்காரவைத்து, கட்டுப் போட்ட காலைப் பக்கவாட்டில் நீட்டிவிட்டு, வலது காலால் பெடலை மிதிக்கச் சொன்னேன். கார் பின்பக்கமாகப் பாய்ந்து, குழாயடியில் வரிசையில் நின்ற குடங்களை எல்லாம் சாய்த்துவிட்டது. மூன்றாம் வீட்டுப் பெண் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஆனால் மகள் சிரித்தாள். விழுந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

ஒயர்களை இடம் மாற்றி மாட்டினேன். தள்ளினேன், கேட்டேன், இழுத்தேன். அவள் மறுபடி மிதித்தாள். அந்தச் செங்கல் என் மகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனது. முற்றத்தின் அந்தக் கடைசிவரை போனது. நான் மாட்டிய இடத்தின் வழியாகத்தான் மின்சாரம் ஓடுகிறது என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனை ஆயிரம் வண்டிகளில் இப்படி யார் யாரையோ கொண்டுபோயிருக்கும்! எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

அதன் பிறகு அந்தக் காருக்கு நான் செய்த சேவகம் கொஞ்சமல்ல. பிளாஸ்டிக் சக்கரம் சிமெண்டில் வழுக்கியதால் பழைய ஸ்கூட்டர் டியூபை வெட்டி மாட்டினேன். முழுதாகத் தீரவிடாமல் தினமும் சாயங்காலம் சார்ஜ் போட்டேன். மார்கழிக் குளிரில் காலையில் அது முனகிக்கொண்டு மெதுவாகப் போனால் எனக்குத்தான் மனம் கேட்காது. பேட்டரி சீட்டுக்கு அடியில் இருந்ததால், ஒவ்வொரு முறையும் மகளைத் தூக்கி வாசற்படியில் உட்காரவைத்துவிட்டுத்தான் சீட்டைத் திறக்க முடியும். அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கனெக்டரைத் தள்ளுவதற்கு முன்பே வாயால் 'டக்' என்பாள். விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

கட்டுப் பிரித்தார்கள். நடக்கலாம் என்றார்கள். அவள் நடக்கவில்லை. இடது காலைத் தரையில் வைக்கச் சொன்னால் ஈரத்தில் மிதிக்க மறுக்கும் பூனை மாதிரி மடக்கிக்கொள்வாள். கட்டிலிலிருந்து காருக்கு, காரிலிருந்து கட்டிலுக்கு, எல்லாம் என் இடுப்பில்தான். ஒரு வாரத்தில் நடந்துவிடுவாள் என்று நினைத்தது ஒரு மாதமானது. மறுபடி காட்டினோம். "எலும்பு நல்லா ஒட்டிடுச்சும்மா. இனிமே பயம் மட்டுந்தான். உக்காந்த எடத்துலயே எல்லாம் கெடைச்சா எதுக்கு நடக்கப்போறா?" என்றார் டாக்டர். கால் சதை மெலிய ஆரம்பித்துவிட்டது என்றும் தொட்டுக் காட்டினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதே யோசனைதான். இவள் நடக்காமலே பழகிவிட்டால்? அந்தப் பழக்கத்துக்குத் தினமும் சார்ஜ் போட்டுக்கொண்டிருப்பவளும் நான்தானே.

காரைத் திரும்ப மாடியில் போட்டுவிடலாம் என்றார் கணவர். அவருக்கென்ன, ஷிப்டுக்குப் போய்விடுவார். அழுகையை யார் தாங்குவது? நான் வேறு வழி யோசித்தேன். என் தொழில் தெரிந்தவளுக்கு மட்டும் தோன்றக்கூடிய வழி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எழும் முன் சீட்டைத் தூக்கி, பேட்டரி கனெக்டரைப் பாதி உருவி வைத்தேன். முழுதாகக் கழற்றினால் கண்டுபிடித்துவிடுவாள். பார்வைக்கு மாட்டியதுபோல, உள்ளே பிடிக்காமல். எட்டு வருடத்தில் எந்தக் குற்றத்தைச் செய்துவிடக் கூடாது என்று பயந்தேனோ, அதை என் வீட்டு முற்றத்தில் பார்த்துப் பார்த்துச் செய்தேன். கை கூசியது.

அவளைத் தூக்கிக் காரில் உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். பெடலை மிதிக்கும் சத்தம் கேட்டது. மறுபடி மிதித்தாள்.

"அம்மா, வண்டி ஓடல."

வேலையாக இருக்கிறேன், நடந்து வா என்றேன். அழுகைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. சட்டியில் கடுகு வெடித்து அடங்கியது. அடுப்பை அணைத்தேன். முற்றத்தில் ஏதோ பிளாஸ்டிக் உராயும் சத்தம், பிறகு பெரியதாக ஒன்று சரிந்து விழும் சத்தம். பதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

விழுந்தது சீட்டு. அதைத் தூக்க முடியாமல் தள்ளிவிட்டிருக்கிறாள். காரின் பக்கத்தில் நின்று, குனிந்து, இரண்டு கைகளையும் உள்ளே விட்டிருந்தாள். இரண்டு குதிகாலும் சிமெண்டில் அழுந்தியிருந்தன. இடது காலும்தான். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். கூப்பிட்டால் பயம் திரும்பி வந்துவிடுமோ என்று மூச்சைக்கூட விடவில்லை.

டக்.

பிறகு அவள் லேசாக இழுத்துப் பார்த்தாள்.

யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நிமிர்ந்தபோது நான் நிற்பதைப் பார்த்தாள். முகத்தில் நல்ல கோபம்.

"பாதிதான் மாட்டிக்கினு இருந்துச்சிம்மா. உங்க கம்பெனில இப்பிடி உட்டா திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவாங்க கண்ணு," என்றேன். சரிந்து கிடந்த சீட்டை எடுக்க அவள் காரைச் சுற்றி அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.