முதல் கூறு

சோறு வேண்டாம் என்று அடம்பிடிக்கும் அப்பாவோடு மல்லுக்கட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு. அம்மா தவறிப்போய்ச் சில மாதங்கள் ஆகிவிட்டன. புந்தோங்கில் எங்கள் வீட்டில் அப்பா தட்டைப் பார்ப்பார், இரண்டு வாய் அள்ளுவார், கையைக் கழுவிவிடுவார். நான் கத்தாத கத்தல் இல்லை. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில்தான் படுக்க வைக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணன்தான் டவுனில் இருக்கும் பெரிய பார்பிக்யூ உணவகத்துக்குப் போகலாம் என்றான்.

“வூட்டு ரசத்தையே தொடாத ஆளு, அங்க போயி என்னத்த திங்கப் போறாரு?”

“போய்த்தான் பாப்போம்லா,” என்றான்.

உணவகத்தில் மங்கலான வெளிச்சம், மடித்து வைத்த துணி, மெதுவாகப் பேசும் மனிதர்கள். பரிமாற வந்த சீனப்பெண், பன்றி விலாவை ரப்பர் மரக்கட்டைப் புகையில் வாட்டியதாக மலாய் மொழியில் பெருமையாகச் சொன்னாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அட, கித்தா கட்டையா? அதுல வெந்நி போட்டுக் குளிச்சோம். இங்க அத வெச்சி ஷோ காட்டுறானுங்களா!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறி வருவதற்குள் புகை வாசம் வந்தது. அந்த வாசம் என்னைச் சுங்காய்ப் பக்கம் நாங்கள் பிறந்த ரப்பர்த் தோட்டத்துக்கே கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே தொழிலாளர் குடியிருந்த லயமும் இல்லை, கித்தா மரமும் இல்லை, எல்லாம் எண்ணெய்க்கு நட்ட செம்பனை.

அந்தக் காலத்தில் வேட்டையில் காட்டுப்பன்றி விழுந்தால் லயத்து வாசலில் வாழை இலை விரித்து அப்பாதான் கூறு போடுவார். எலும்பு, கொழுப்பு, சதை எல்லாம் எல்லாக் கூறிலும் இருக்கவேண்டும். முடித்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “மொத கூறு யாரு வூட்டுக்கு?” என்று கேட்பார். அந்த வருடம் சாவு விழுந்த வீட்டைக் கூட்டம் சொல்லும். காரியம் முடிந்தும் அடுப்பு மூட்ட மனம் வராத வீட்டாரிடம், சாப்பிடுங்கள் என்று லயமே சேர்ந்து சொல்வது அது. கூறு போட்டவருக்குக் கடைசிக் கூறு. எங்களுக்கு எப்போதும் எலும்புதான் அதிகம் மிஞ்சும். அதைப் போட்டு அம்மா வைத்த குழம்பை நினைத்தால் இன்றைக்கும் நாக்கு ஊறுகிறது.

பெரிய மரப்பலகையில் கறி வந்தது. நான் எடுத்து வைப்பதற்குள் அப்பா கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். விலாவைப் பிரித்தார், கொழுப்பை வகிர்ந்தார், பலகையிலேயே மூன்று கூறு போட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்பா, எல்லாரும் பாக்குறாங்க,” என்றான் அண்ணன்.

“பாக்கட்டுமே, அதுக்கென்ன?” என்றேன் நான்.

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“மொத கூறு யாரு வூட்டுக்கு?”

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் கேட்டால் பதில் சொல்லியாகவேண்டும், அதுதானே முறை.

“நம்ம வூட்டுக்குத்தான்பா,” என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கூறைத் தன் பக்கம் இழுத்தார். முள்கரண்டியைத் தள்ளிவிட்டு, கையால் எடுத்து, எலும்பு வரை சாப்பிட்டார்.

“அந்த எலும்பத் தூக்கிப் போட்டுறாத,” என்றார் என் தட்டைக் காட்டி. “நாளைக்குக் கொழம்பு வெய்யி.”