எண்ணெய் ஊற்றிய டிரம்ஸும் எக்ஸ்பிரஸ் ரோட்டு லாரியும்

ஏழு வருஷமாக இந்த நோட்டை எடுப்பேன், முதல் வரி எழுதுவேன், கிழித்துப் போடுவேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தேன், எழுத்துப் பிழைக்கு வெட்கம். அதைவிட, இதில் வருகிற எங்கள் சபை மூப்பர் ஐயா நல்ல மனுஷர். வெள்ளம் வந்த வருஷம் சடையங்குப்பத்தில் இடுப்பளவு தண்ணீரில் தலைமேல் அரிசி மூட்டை சுமந்துபோய்க் கொடுத்தவர். அவரைப் பற்றி நான் போய் என்ன எழுதுவது என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் மணலியில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். முன்பின் தெரியாத ஓர் அம்மா மைக்கைப் பிடித்து, "திருவொற்றியூர் பக்கம் ஒரு சபையில டிரம்ஸுக்குள்ள பிசாசு பூந்துடுச்சு, எண்ணெய் ஊத்தினதும் ஓடிடுச்சு" என்று சாட்சி சொன்னார். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். நான் சொல்லவில்லை. அந்த டிரம்ஸை வாசிக்கிறவள் நான். கர்த்தர் மேல் பாரத்தைப் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் சபை எக்ஸ்பிரஸ் ரோட்டு ஓரம் ஒரு கட்டிடத்தில் முதல் மாடி. கீழே எந்த நேரமும் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். மேலே நாங்கள். உள்சுவர் பக்கம் ஆண்கள், ரோட்டு ஜன்னல் பக்கம் பெண்கள். டிரம்ஸ் ஆண்கள் பக்கம் மூலையில் இருந்தது. கரண்டில் வேலை செய்கிற டிரம்ஸ் அது. தோல் கிடையாது, ரப்பர் தட்டுகள்தான். தட்டினால் பக்கத்தில் இருக்கிற சின்னப் பெட்டி சத்தம் கொடுக்கும். யாரோ வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் சபைக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

அதை வாசித்துக்கொண்டிருந்த தம்பி துபாய்க்குப் போய்விட்டார். மூன்று மாதம் அதன்மேல் துணி போர்த்திக் கிடந்தது. பாட்டு ஒரு பக்கம் ஓடும், கைத்தட்டல் ஒரு பக்கம் ஓடும். ஒருநாள் ஆராதனை முடிந்து பெருக்கும்போது துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்து வாசித்தேன். பத்து வருஷம் பாயில் உட்கார்ந்தபடியே அந்தத் தம்பியின் கையையும் காலையும் பார்த்தவள். கை தானாகப் போனது. பாஸ்டர் வாசல்படியில் நின்று கேட்டிருக்கிறார். "ஆள் கிடைக்கிற வரைக்கும் வாசிங்க சிஸ்டர்" என்றார்.

மூப்பர் ஐயாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் தூத்துக்குடிப் பக்கம், இங்கே மளிகை மண்டி வைத்திருக்கிறார். "பொம்பள டிரம்ஸ் அடிக்கதே எனக்கு சரியாப் படல பாஸ்டர். அதுல ஆம்பளைங்க நடுவுல போயி உக்காரவா? வேண்டாம். டிரம்ஸைத் தூக்கிப் பொம்பளைங்க பக்கம் வைங்க" என்றார். அப்படியே தூக்கி ரோட்டு ஜன்னலை ஒட்டி வைத்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இதில்தான் இருந்தது. அப்போது எனக்கும் தெரியாது.

ரெண்டாவது ஞாயிறு. அமைதி ஜெபம். எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறோம். டும்.

காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம் அது. என் கால் கீழே பாயில் இருந்தது. கண்ணைத் திறந்தால் சபை முழுக்க என்னைப் பார்க்கிறது. "நான் இல்லீங்க" என்றேன். சொல்லி வாயை மூடுவதற்குள் இன்னொரு டும்.

அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். நான் கை கழுவப் போயிருந்தபோதும் அடித்தது என்றார்கள். அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மூப்பர் ஐயா எழுந்தார். "நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க. அந்தத் தம்பி அடிக்கயில இந்தச் சத்தம் வந்துச்சா? வரல. பொம்பள உக்காந்ததும் வருது. என்னமோ உள்ள வந்துருக்கு." சபையில் இருந்த ஒலிவ எண்ணெய் குப்பியில் அடிமட்டத்தில்தான் இருந்தது. அவர் கடையிலிருந்து ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்திருந்தார். ஜெபித்து ஊற்றினார். பிசாசு எந்தத் தட்டில் என்று யாருக்குத் தெரியும்? நடுவில் பெரிதாக இருந்ததால் ஸ்னேர் தட்டின்மேல் ஊற்றினார். குச்சியால் அடிக்கிற முக்கியமான தட்டு அதுதான். ஆமென் என்றோம். பக்கத்தில் இருந்த கால் டிரம் டும் என்றது.

அதோடு ஸ்னேரும் போனது. தட்டினால் பலகையைத் தட்டுகிற மாதிரி இருந்தது. மூப்பர் ஐயா, "பாத்தீங்களா, ஒண்ணு போயிட்டு. இன்னொண்ணு உள்ள கெடக்கு. அது போற வரைக்கும் சிஸ்டர் அந்த ஸ்டூல்ல உக்காரக் கூடாது" என்றார். பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

எண்ணெய் பூசுவதை நான் நம்புகிறேன். என் பிள்ளைக்கு ஜுரம் வந்தபோது பூசித்தான் ஜெபித்தோம். பிசாசு இருக்கிறான் என்பதையும் நம்புகிறேன். ஆனால் நான் உட்கார்ந்ததால் வந்தான் என்றார்களே, அதை நம்ப மாட்டேன். அன்றைக்கும் மாட்டேன், இன்றைக்கும் மாட்டேன். திங்கட்கிழமை காலையில் சோறு வடித்து வைத்துவிட்டு, பாஸ்டர் வீட்டில் சாவி வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் காலடிப்பேட்டையில் காலிங் பெல் செய்கிற பட்டறையில் நாலு வருஷம் ஈயம் பற்றவைத்தவள். ஸ்னேர் தட்டின் அடியில் இருந்த ஸ்குருவைக் கழற்றினேன். உள்ளே நுரை முழுக்க எண்ணெய். அதன் நடுவில், பித்தளைக் காசு மாதிரி ஒரு சில்லு ஒட்டு விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஆயிரக்கணக்கில் நான் பற்றவைத்த அதே சில்லு. பெல்லில் கரண்ட் கொடுத்தால் அது சத்தம் போடும். இதில் தட்டினால் அது கரண்ட் கொடுக்கிறது. ஆள் பார்க்காது. ஆண் தட்டினாலும் பெண் தட்டினாலும் கொடுக்கும். அதிர்ந்தாலே கொடுக்கும்.

அதிர்ந்தாலே. அந்த வார்த்தை மனசில் நின்றது. முதலில் ஒயரைச் சந்தேகப்பட்டேன். கடல் காற்றில் பின்னில் பச்சை பிடித்திருந்தது, ரப்பரால் அழித்துத் துடைத்தேன். தரையில் நிற்கிற கால் டிரம்மின் ஒயரை எடுத்து, கம்பியில் உயரத்தில் நிற்கிற வேறு தட்டில் மாட்டினேன். அந்தத் தட்டு சும்மா இருந்தது. ஒயர் நல்ல ஒயர். திரும்ப மாட்டி, ஹெட்போன் போட்டுத் தரையில் உட்கார்ந்தேன். டும். கீழே ஒரு லாரி நகர்ந்தது. டும். இன்னொரு லாரி பிரேக் போட்டது.

என் வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறார். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் வரிசையில் அவர் வண்டி நிற்கிறது. போன் போட்டேன்.

"இன்னாமே?"

"கொஞ்சம் முன்னாடி எடுத்து நிறுத்துயா."

"எங்க எடுக்கறது? ரெண்டடிதான் கீது. அரை மணியா நவுராம நின்னுகினு கீறேன்."

"ரெண்டடி போதும்."

"இன்னாத்துக்கு?"

"எடுயா, அப்பால சொல்றேன்."

எடுத்தார். டும். "இன்னொரு வாட்டி" என்றேன். "ஏம்மே, இன்னா ஷேர் ஆட்டோவா இது? பின்னாடி இருக்கறவன் என்னையே பாத்துகினு கீறான்" என்று திட்டிக்கொண்டே எடுத்தார். டும். அப்புறம் கால் டிரம்மை மட்டும் இழுத்துக்கொண்டுபோய் உள்சுவர் மூலையில், பழைய இடத்தில் வைத்தேன். மூன்றாவது முறை எடுத்தார். சத்தமே இல்லை.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என்னைப் பெண்கள் பக்கம் வைக்க வேண்டும் என்று அதை ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லாரி அதிர்வு அங்கேதான் ஏறுகிறது. பழி என் தலையில்.

அந்த வாரம் முழுக்க மத்தியானம் அங்கேதான். எண்ணெய் குடித்த நுரையைப் பிழிந்தேன். ஜெபித்த எண்ணெய், சாக்கடையில் விட மனசு வரவில்லை. ஒரு கிண்ணத்தில் பிடித்துத் தினமும் நெற்றியில் பூசிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். ரப்பர் தட்டு இனி உதவாது. சபையில் கிழிந்து கிடந்த பழைய மர டிரம்மை எடுத்து, தோலுக்குப் பதிலாக ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலையை ரெண்டு மடிப்பாக, குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு வளையத்தால் இறுக்கினேன். உள்ளே ஒரு தகரப் பட்டை, அதன்மேல் சில்லு, சில்லின்மேல் கூம்பாக வெட்டிய புது நுரை. நுரையின் நுனி வலையைப் பட்டும் படாமலும் தொட வேண்டும். நாலு தடவை வெட்டினேன். ஐந்தாவது தடவை, குச்சியைச் சும்மா வைத்தால்கூடப் பேசியது. ரப்பரில் அடித்தால் மணிக்கட்டு வலிக்கும். வலை குச்சியைத் திருப்பிக் கொடுத்தது.

கால் டிரம்முக்கு, தெருவில் கிரிக்கெட் ஆடுகிற டென்னிஸ் பந்துகளை ஒரு பலகையின் அடியில் ஓட்டை போட்டுப் பதித்தேன். டிரம்மைத் திரும்ப ஜன்னல் பக்கம் கொண்டுவந்து பலகைமேல் வைத்தேன். தரை அதிர்ந்தால் பந்து வாங்கிக்கொள்ளும். எவ்வளவு பலமாக அடித்தால் சத்தம் வர வேண்டும் என்று பெட்டியில் ஓர் அளவு உண்டு, அதையும் ஏற்றிவைத்தேன். லாரிக்கு வராது, காலுக்கு வரும்.

ஞாயிறு, பெட்டிக்குக் கரண்ட் போட்டிருந்தும் ஆராதனை முழுக்க ஒரு டும் இல்லை. மூப்பர் ஐயா சந்தோஷமாக என்னிடம் வந்தார். "போயிட்டு பாத்தியாம்மா! முன்னால வந்து, எண்ணெய் ஊத்தினதுல போயிட்டுன்னு ஒரு வார்த்தை சாட்சி சொல்லு. இப்பமே நீ போயி உக்காரலாம்."

ஒரு வார்த்தை. ஸ்டூல் நாலடி தூரத்தில் இருந்தது. எனக்கு அதில் உட்கார எவ்வளவு ஆசை என்று கர்த்தருக்குத் தெரியும். மைக்கை வாங்கினேன்.

"பிசாசு போகலை. வரவே இல்லை. ரோட்டு லாரி அதிருது, அதான் சத்தம். நான் உக்காந்ததால வரலை. என்னை ஜன்னல் பக்கம் ஒதுக்கி வெச்சதால வந்துச்சு. பிசாசுன்னு சொன்னீங்களே, அதுல ஒண்ணை ஓட்டுறது என் வீட்டுக்காரர்."

நானே பலகையை உருவினேன், பெட்டியில் அளவைப் பழையபடி இறக்கினேன். "இப்போ கேளுங்க" என்றேன்.

ஒரு லாரியும் வரவில்லை. எந்நேரமும் நிற்கிற ரோடு, அன்றைக்குப் பார்த்துக் காலியாகக் கிடந்தது. ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். யாரோ இருமினார்கள். மூப்பர் ஐயா பாஸ்டரைப் பார்த்தார். நான் கண்ணை மூடி, ஆண்டவரே, ஒரே ஒரு லாரி அனுப்பும் என்றேன். இத்தனை வருஷ ஜெபத்தில் லாரி கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

தூரத்தில் கியர் மாற்றுகிற சத்தம். ஜன்னல் கம்பி லேசாகக் கிணுகிணுத்தது. டும்.

காசிமேட்டில் மீன் விற்கிற பெரியம்மா ஒருவர் முன்வரிசையில் உட்காருவார். ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, "அய்ய, இத்துக்கா ஒரு லிட்டர் எண்ணெய்? ஐயா, கீழ போயி லாரிமேல ஊத்து, டயராவது பளபளன்னு இர்க்கும்!" என்றார். பெண்கள் பக்கம் சிரித்தது. பிறகு ஆண்கள் பக்கமும்.

மூப்பர் ஐயா முகம் சிவந்து என்னிடம் கேட்டார்: "அப்ப, எண்ணெய் வீணாப் போச்சா?"

"இல்லீங்கய்யா" என்று என் நெற்றியைக் காட்டினேன். "அதைப் பூசிகினுதான் ரிப்பேர் பண்ணேன்."

பாஸ்டர் எழுந்து, "டிரம்ஸைப் பழைய இடத்துல வைங்க. சிஸ்டரும் அங்கதான் உக்காருவாங்க" என்றார். உள்சுவர் பக்கம், ஆண்கள் நடுவில். தூக்க நாலு பேர் வந்தார்கள், அதில் மூப்பர் ஐயாவும் ஒரு கை பிடித்தார். அன்றையிலிருந்து அங்கேதான் வாசிக்கிறேன். ஆள் கிடைக்கிற வரைக்கும் என்ற பேச்சை யாரும் திரும்ப எடுக்கவில்லை.

ஆனால் அன்று சபையில் இல்லாதவர்கள் எண்ணெய் வரைக்கும்தான் கேட்டார்கள், அதையே ஊர் ஊராகச் சொன்னார்கள். இதை எழுதப்போகிறேன் என்று மூப்பர் ஐயாவிடமே போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுது. ஆனா நான் ஊத்துனது தேங்காய் எண்ணெய். நல்லெண்ணெய்னு சொல்லிக்கிட்டுத் திரியுதானுவ. அதையாவது சரியா எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எண்ணெயையும் விடாதீர்கள், லாரியையும் விடாதீர்கள். ருசிக்காகப் பிசாசு என்று ஒரு வார்த்தை சேர்த்தால், எங்கேயோ ஒரு சபையில் எவளோ ஒருத்தியின் ஸ்டூலைப் பிடுங்குகிறீர்கள். அவள் உட்கார்ந்திருக்கும்போது டிரம்ஸ் தானாகச் சத்தம் போட்டால், முதலில் ஜன்னலைப் பார்க்கச் சொல்லுங்கள்.