மலாக்கியின் புல்குழி

கேவன் மாவட்டத்தில் மலாக்கி புரோகனின் புல்குழி தெருவிலிருந்தே தெரியும். குளிர்காலத் தீவனத்துக்காகப் புல்லை வெட்டிக் குவித்து, டிராக்டரால் அழுத்தி, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் இடம் அது; பெயர்தான் குழி, தரைக்கு மேல் மேடாக எழும்பி நிற்கும். தேவாலயத்துக்குப் போகிறவர்கள் அதன் உயரத்தை வைத்தே ஆளை எடைபோடுவார்கள். பள்ளியைப் பாதியில் விட்ட மலாக்கிக்கு அந்த உயரம்தான் பட்டம்.

போன வருஷம், புல் இன்னும் வளரட்டும் என்று காத்திருந்தார். கதிர்விட்டுத் தண்டு முற்றியது. மழையும் பிடித்துக்கொள்ள, ஈரத்தோடு வெட்டிக் குவித்தார். குழி உயர்ந்தது, உள்ளே புல் கெட்டது. குளிர்காலத்தில் எடுத்துப் போட்டபோது மாடுகள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பின. விலா எலும்பு தெரிந்தது, பால் குறைந்தது.

அந்தச் சமயம் பார்த்து, பால் விவசாயிகள் குழு அவர் பண்ணையைப் பார்க்க வரும் முறை வந்தது. சுற்றிப் பார்த்து, முகத்துக்கு நேரே குறை சொல்வது அவர்கள் வழக்கம். மலாக்கி வெளியூரில் நன்றாகப் புளித்த புல் வாங்கிவந்து மாடுகளின் முன் பரப்பினார்.

“யாரை ஏமாத்தறீங்க, மாட்டையா?” என்றாள் மனைவி டிம்ப்னா.

வந்தவர்களில் ஃபின்டன் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். “டேய் மலாக்கி, மாடு மிச்சம் வச்சா நானே தின்னுடுவேன்டா!”

எல்லோரும் சிரித்தார்கள். புதிதாகப் பண்ணை தொடங்கியிருந்த கோம் மட்டும் அருகில் வந்தான். “அண்ணே, எப்ப வெட்டினீங்க? மே மாசம் என் முதல் குழி. நீங்க செஞ்ச மாதிரியே செஞ்சுடறேன்.”

மலாக்கிக்குக் காது சுட்டது.

“செய்யாதப்பா. இது என் புல் இல்ல. வாங்கினது.”

அவரே நடந்துபோய்க் குழியின் பாலித்தீனைத் தூக்கினார். வாந்தி வாடை முகத்தில் அடித்தது. ஃபின்டன் ஒரு பிடியைப் பிழிந்தார். பழுப்புத் தண்ணீர் வழிந்தது.

“கதிர் வந்த பிறகா வெட்டின? இலையா இருக்கறப்பவே வெட்டி, வெயில்ல வாட விட்டிருக்கணும்டா.”

“தெரியும். உன் குழியைவிட உசரமா வேணும்னு நெனச்சேன்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

தேநீருக்கு முன் எல்லோரும் சமையலறையில் வரிசையாகக் கை கழுவினார்கள். அந்த வாடை ஒரு சோப்புக்குப் போகாது. டிம்ப்னா துண்டை நீட்டிக்கொண்டிருந்தாள். மலாக்கி கடைசியில் நின்றார், தலை நிமிராமல்.

“வாங்கின புல் தீர்ந்தா மாட்டுக்கு என்ன போடுவே?” ஃபின்டன் கேட்டார்.

“தெரியல,” என்றார் மலாக்கி.