ரெகுலேட்டரை மூடியவன்

ஐயனாரின் அப்பாவுக்கு வல்லம் வடகாலில் முக்கால் ஏக்கர் நெல் நிலம் இருந்தது. இப்போது அங்கே ஒரு கம்பெனியின் லாரிகள் நிற்கின்றன. நிலம் கைமாறியபோது ஐயனாருக்குப் பத்தொன்பது வயது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தான். ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள் வருகின்றன, இனி வேலைக்கு அலைய வேண்டியதில்லை என்று அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேலை கிடைக்கவும் செய்தது. ஆனால் பத்து மாதம் ஓரிடம், ஒரு வருஷம் இன்னோரிடம் என்று எல்லாமே கான்ட்ராக்ட். சட்டையில் குத்திக்கொள்ளும் அடையாள அட்டைதான் மாறிக்கொண்டே இருந்தது.

முப்பத்தொரு வயதில் கோதண்டராமனின் பட்டறைக்கு வந்து சேர்ந்தான். சலவைக்கூடங்களுக்கும் உணவுக் கம்பெனிகளுக்கும் சின்ன பாய்லர்கள் செய்து கொடுக்கும் இடம் அது. மொத்தமே பதினாறு பேர். கோதண்டராமன் கோபக்காரர், ஆனால் வேலை தெரிந்த ஆளை விடமாட்டார். லேத்தில் ஐயனார் கடைந்து கொடுத்த சாமானைத் திரும்ப அளந்து பார்க்க வேண்டியதில்லை என்பார். அந்தப் பேச்சுக்காகவே ஐயனார் அங்கே ஆறு வருஷம் இருந்தான். மனைவி கோவிந்தம்மா படப்பையில் பெண் தொழிலாளர் விடுதி ஒன்றில் சமையல் பார்த்தாள். மகள் நிலா ஒன்பதாவது படித்தாள். பெரிய குறை என்று சொல்ல அந்த வீட்டில் எதுவும் இல்லை.

போன வருஷம் தை மாதம், மூடிப்போன ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து பழைய நீராவி ரயில் எஞ்சின் ஒன்று டிரெய்லரில் வந்து இறங்கியது. கரும்பு வண்டிகளை இழுத்த சின்ன எஞ்சின். கடற்கரைப் பக்கம் ஒரு உல்லாச விடுதிக்காரர்கள் அதை வாங்கியிருந்தார்கள். விருந்தாளிகளைத் தோட்டத்தைச் சுற்றி ஏற்றிப்போக வேண்டும், நிஜக் கரி எரிய வேண்டும், நிஜப் புகை வர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பட்டறைக்குப் பின்னால் ஓட்டிப் பார்க்க எண்பது மீட்டருக்குத் தண்டவாளம் போட்டுக் கொடுத்தார்கள்.

கரி போட்டு நெருப்பு பார்க்க ஆள் வேண்டுமே. அப்படி வந்தவர்தான் இசக்கியப்பன். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர், நாற்பத்திரண்டு வயது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் விறகுக்கட்டை போட்டு எரிக்கும் பாய்லரைப் பத்து வருஷமாகக் கவனித்தவர். அங்கே கேஸுக்கு மாறியதும் ஆள் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். மனைவி அன்னக்கிளியோடு படப்பையில் ஒற்றை அறையில் குடியிருந்தார். வந்த முதல் நாளே ஐயனாரின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, உங்க ஊரில் குழம்புக்குத் தேங்காயே அரைக்கமாட்டீர்களா என்று கேட்டார். மறுநாள் அன்னக்கிளி இரண்டு பேருக்கும் சேர்த்துக் குழம்பு கொடுத்தனுப்பினாள்.

முதல் தடவை நெருப்பு வைத்த அன்றைக்கு எஞ்சின் மானத்தை வாங்கியது. மெதுவாக ஓட்டி ஓட்டி மூன்று மணி நேரம் கரி போட்டும் பிரஷர் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. புகைபோக்கியிலிருந்து மஞ்சள் கலந்த கரும்புகை சோம்பலாக வந்தது.

அந்த எஞ்சினில் நெருப்புக்குக் காற்று இழுக்க மின்விசிறி ஏதும் கிடையாது. சிலிண்டரில் வேலை முடித்து வெளியேறும் நீராவிதான் அதைச் செய்ய வேண்டும். முன்பக்கப் புகைப்பெட்டிக்குள் நிற்கும் குழாயின் வாயிலிருந்து அது புகைபோக்கியை நோக்கிச் சீறும்போது புகையையும் வாரிக்கொண்டு போகும். அந்த இழுப்பில் அடியிலிருந்து புதுக் காற்று கரிக்குள் ஏறும். குழாயின் வாய் அகலமானால் இழுப்பு போதாது. ரொம்பக் குறுகினால் நெருப்பு கொழுந்து விடும், ஆனால் நீராவி வெளியேற வழியில்லாமல் சிலிண்டரிலேயே முட்டி எஞ்சின் திணறும். துருப்பிடித்த பழைய வாய்க்குப் பதில் புதிதாகக் கடைந்து மாட்டியவன் ஐயனார். தான் செய்த சாமான் சரியில்லை என்பதை அவனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இசக்கியப்பன் புகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாய் வளையத்தை இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், குறைத்துப் பார்க்கலாம் என்றார். குறைத்தார்கள். எஞ்சின் திணறியது. ஒரு நூல் கூட்டினார்கள். நான்கு நாள், ஐந்து வளையம். ஐந்தாவதை மாட்டி எஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டியபோது நெருப்பு வெள்ளையாகச் சிரித்தது. முள் விறுவிறுவென்று ஏறி, பாதுகாப்பு வால்வே திறந்து கத்தியது. கோதண்டராமன் அலுவலகத்திலிருந்து ஓடிவந்து இரண்டு பேர் தோளிலும் கை போட்டுக்கொண்டார். ஐயனார் அன்று வீட்டுக்குப் போய் நிலாவுக்குக் காகிதத்தில் படம் போட்டு விளக்கினான்.

ஒரு குறை மட்டும் மிச்சமிருந்தது. எஞ்சின் ஓடும்வரைதான் அந்த நீராவி வரும். ரெகுலேட்டரை மூடினால் சிலிண்டருக்கு நீராவி நிற்கும், புகை இழுப்பும் அதோடு நின்றுபோகும். மேலே போக வேண்டிய நெருப்பு அடுப்பு வாய் வழியாக ஆள் நிற்கும் பக்கம் திரும்பிவிடும். அதற்காகவே புளோயர் என்று ஒரு வால்வு. அதைத் திறந்தால் பாய்லரிலிருந்து நேராக நீராவி போய்ப் புகைபோக்கியில் ஊதி இழுப்பைக் காப்பாற்றும். இந்த எஞ்சினில் அந்த வால்வின் மரை தேய்ந்திருந்தது. சக்கரத்தைத் திருப்பினால் ஏழெட்டுச் சுற்று வெறுமனே சுழன்றுவிட்டு அப்புறம்தான் பிடிக்கும். இசக்கியப்பன் மூன்று முறை சொன்னார், எழுதியும் கொடுத்தார். புது வால்வுக்குச் சொல்லியாகிவிட்டது, திங்கட்கிழமை வந்துவிடும் என்றார் கோதண்டராமன். விடுதிக்காரர்கள் பார்க்க வருவது சனிக்கிழமை.

எஞ்சினை ஓட்டுபவன் ஐயனார்தான். அதனால் இரண்டு பேரும் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். இசக்கியப்பன் அடுப்புக் கதவைச் சாத்தி, புளோயர் பிடிக்கும்வரை சுற்றி, "ஆச்சு" என்று சொல்வார். அந்தச் சொல் காதில் விழாமல் ஐயனார் ரெகுலேட்டரை முழுசாக மூடக்கூடாது.

"எது வந்தாலும் சொல்லாம மூடிராதீரும் வே," என்றார் இசக்கியப்பன். "வாய நீரு நல்லாக் கொறச்சு வச்சிருக்கீரு. நெருப்பு இப்ப முன்ன மாதிரி இல்ல."

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு விடுதிக்காரர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். எஞ்சினுக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள். முதல் இரண்டு ஓட்டம் ஒழுங்காக முடிந்தது. மூன்றாவது ஓட்டத்தில் பாதி தூரம் போயிருக்கும். இசக்கியப்பன் அடுப்புக் கதவைத் திறந்து கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்களில் ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்து தண்டவாளத்தின் நடுவில் ஏறினார். ஐயனார் அவரைப் பார்த்தான். அவன் கை ரெகுலேட்டரை ஒரே தள்ளாகத் தள்ளி மூடியது, மறுகை பிரேக்கைப் பிடித்தது. வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

நெருப்பு பெரிய ஓசையில்லாமல்தான் வந்தது. கனமான துணியை உதறினாற்போல ஒரு சத்தம். அவ்வளவுதான். ஒரு பக்கமாக நின்றதால் ஐயனாருக்கு இடது முழங்கைவரை மட்டும் பட்டது. இசக்கியப்பன் அடுப்பு வாய்க்கு நேராகக் குனிந்திருந்தார்.

எஞ்சின் நின்றது. படம் எடுத்தவருக்கு ஒரு கீறலும் இல்லை. கோதண்டராமன் தன் காரின் பின்சீட்டில் இசக்கியப்பனைக் கிடத்தி, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் சென்னை ஆஸ்பத்திரிவரை அவரே ஓட்டிப்போனார். அதையும் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை சொன்னபடி புது வால்வு வந்தது. கட்டுப்போட்ட கையோடு வேலைக்கு வந்த ஐயனாரிடம் அதை மாட்டச் சொன்னார் கோதண்டராமன். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருவதற்குள் முடித்துவிடு என்றார். ஐயனார் மாட்டினான். மாட்டி முடித்து, சக்கரம் எவ்வளவு லேசாகத் திறக்கிறது என்று திருப்பிப் பார்த்தபோதுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. கழற்றிய வால்வைக் கழிவு இரும்புக் குவியலில் போடாமல் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டான். ஏன் வைத்தான் என்று அப்போது கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது.

மறுநாள் கோதண்டராமன் அவனை அறைக்குக் கூப்பிட்டார். ஐயனாரின் வாக்குமூலமாக ஏற்கெனவே தட்டச்சு செய்த காகிதம் மேஜையில் இருந்தது. புளோயர் நல்ல நிலையில் இருந்ததாகவும், நெருப்பு பார்த்த பணியாளர் அதைத் திறக்க மறந்துவிட்டதாகவும் அதில் இருந்தது.

"வண்டில நீங்க ரெண்டு பேர்தான் இருந்தீங்க ஐயனார்," என்றார். குரலை உயர்த்தவில்லை. "நீ மூடினதுன்னு எழுதட்டுமா, அவன் மறந்ததுன்னு எழுதட்டுமா? பட்டறைய இழுத்து மூடிட்டா பதினாறு குடும்பம் இன்னா பண்ணும்?"

ஐயனார் கையெழுத்துப் போட்டான். பதினாறு குடும்பத்தை நினைத்துப் போட்டதாகப் பிறகு தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தான். அது உண்மையில்லை. நீ மூடினதுன்னு எழுதட்டுமா என்ற அந்த ஒரு வரிக்குத்தான் அவன் பயந்தான்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனான். அன்னக்கிளி வாசலில் காத்திருந்து, ஒரு ஆளைத்தான் விடுவார்கள், நீ போய்ப் பார், உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று தன் அனுமதிச் சீட்டைக் கொடுத்தாள். உள்ளே கொசுவலை போட்ட கட்டிலில் வெள்ளைக் கட்டுக்குள் இசக்கியப்பனின் கண்ணும் உதடும் மட்டும் தெரிந்தன. குரல் உடைந்திருந்தது. ஆனால் சொன்னது புரிந்தது.

"ஐயனாரு, நான் அந்த வால்வத் தொறந்தனா இல்லியா? ஒண்ணும் ஞாபகத்துல இல்ல. நான் மறந்துட்டம்னு மொதலாளி சொல்லிட்டுப் போறாரு." மூச்சு வாங்கிக்கொண்டார். "பத்து வருசம் நெருப்புக்கிட்ட நின்னவன். நான் அப்பிடி மறக்கிற ஆளா?"

சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. நீ மறக்கலண்ணா, நான்தான் மூடிட்டேன். ஐயனாரின் நாக்கில் அது வந்து நின்றது.

"ஒடம்பப் பாருண்ணா," என்றான். "அதெல்லாம் அப்பால பேசிக்கலாம்."

இசக்கியப்பன் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அப்ப மறந்துதான் போயிருக்கேன் என்று மெல்லச் சொன்னார். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். வெளியே வந்த ஐயனாரிடம், தெளிவாகப் பேசினாரா என்று அன்னக்கிளி ஆவலோடு கேட்டாள். பேசினார் என்றான்.

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். வழியில் தண்டலம்வரை போய்விட்டுத் திரும்பிவிட்டான். வெள்ளிக்கிழமை இசக்கியப்பனுக்கு மூச்சுக்குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. விபத்து நடந்த ஒன்பதாம் நாள் இறந்துபோனார். உடலை வள்ளியூருக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். கோதண்டராமன் பெரிய மாலையோடு வந்து வழியனுப்பினார். ஐயனார் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்தபடி நின்றான். கட்டுப்பிரித்த அவன் கையில் தோல் புதிதாக, ரோஸ் நிறத்தில் இருந்தது.

அன்று வீட்டில் கோவிந்தம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. காரியம் முடிந்து அந்த அம்மா வந்ததும் முதலில் அவங்களாண்ட சொல்லு, அப்புறம் ஆபீசருங்க கிட்ட சொல்லு என்று மட்டும் சொன்னாள்.

அவர் இறந்த பதினேழாம் நாள் அன்னக்கிளி படப்பைக்குத் திரும்பிவந்தாள். அறையைக் காலி செய்ய வந்திருந்தாள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தவள் எதிரில் ஐயனார் தரையில் உட்கார்ந்து, தண்டவாளத்தில் ஏறிய ஆள் முதல் கையெழுத்துப் போட்ட காகிதம் வரை ஒன்றையும் விடாமல் சொன்னான். சொல்லும்போது அவளைப் பார்க்க முடியவில்லை. அவள் கையிலிருந்த கரண்டியை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவுகளுக்கு இது தெரியுமா தம்பி?"

"தெரியாது அண்ணி. கேட்டாரு. நான் சொல்லல."

அன்னக்கிளி எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். நான்தான் பாழாக்கிட்டேன், நான்தான் மறந்துட்டேன்னு பேச்சு நிக்கிறவரைக்கும் புலம்பிக்கிட்டே கிடந்தாவ என்று சுவரைப் பார்த்தே சொன்னாள். பிறகு, போங்க என்றாள்.

மறுநாளே ஐயனார் தொழிற்சாலை ஆய்வாளரிடம் போய்ப் பழைய வால்வை மேஜைமேல் வைத்தான். முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய் என்றான். அதனால் உங்கள்மேலும் வழக்கு வரலாம், தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியும் என்றான். அன்று மாலையே பட்டறையில் வேலை போனது. உடன் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். எஞ்சினை விடுதிக்காரர்கள் எடுத்துப்போய் உள்ளே டீசல் மோட்டார் வைத்துக்கொண்டார்கள் என்று கேள்வி.

விசாரணை தாம்பரம் பக்கம் ஒரு அலுவலகத்தில் மூன்று தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் தேதியை ஐயனார்தான் அன்னக்கிளிக்குப் போனில் சொன்னான். மூன்றாவது தடவை, வால்வு பழுதாக இருந்தும் ஓட்டச் சொன்னது நிர்வாகத்தின் குற்றம் என்றும், எச்சரிக்காமல் ரெகுலேட்டரை மூடியது ஐயனாரின் தவறு என்றும், இறந்தவரிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை என்றும் எழுதி வாசித்தார்கள். அன்னக்கிளி கடைசி வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

திரும்பும்போது ஒரகடம் போகும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஏற வேண்டியதாயிற்று. விசாரணைக்கு ஊரிலிருந்து வந்த அன்னக்கிளி படப்பையில் பழைய பக்கத்து வீட்டில் தங்கியிருந்தாள். அவள் முன்னால், அவன் பின்னால். படப்பையில் இறங்குவதற்கு முன் அவள் கம்பியைப் பிடித்தபடி அவன் இருக்கைக்கு வந்தாள்.

"அவுக மேல தப்பில்லன்னு எழுத்துல வந்துட்டு," என்றாள். "நீங்க சொன்னதாலதான் வந்துது, அது எனக்குத் தெரியும். ஆனா இனிமே போன் பண்ணாதீங்க தம்பி. உங்க கொரலக் கேக்க என்னால முடியல."

அவள் இறங்கியதும் பஸ் கிளம்பியது. அவள் விட்டுப்போன இடத்தில் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் நான்கு பேர் ஏறி நின்றிருந்தார்கள். கண்டக்டர் பக்கத்தில் வந்து எங்கே என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் ஐயனார் நிமிர்ந்தான். முதலிலேயே வாங்கியிருந்த சீட்டை எடுத்துக் காட்டினான்.

இப்போது ஒரகடத்தில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலை பார்க்கிறான். அவன் மேல் உள்ள வழக்கு இன்னும் நடக்கிறது.