பச்சை உப்பு

காலை ஆறேகால் மணிக்கு விருதுநகர் நிலையத்தில் இறங்கினேன். திருச்சியில் ஏறியது முதல் மடியை விட்டு இறக்காத தோல்பையில் என் கட்டுரைத் தொகுப்பின் திருத்தப்படி இருந்தது. கல்லூரிகளில் பாடமாகவிருக்கும் புதிய பதிப்பு அது; அச்சாவது சிவகாசியில். பட்டாசுத் தொழிலாளர்களைப் பற்றி நான் எழுதிப் பெயர் பெற்ற கட்டுரையும் அதில் உண்டு. ஆயினும் சிவகாசி மண்ணில் நான் கால்வைப்பது இதுவே முதல் முறை. இதை எவரிடமும் சொன்னதில்லை. கேட்டவரும் இல்லை.

ஏழு மணிப் பேருந்தில் இடம் கிடைத்தது. கட்டணம் இருபத்தைந்து ரூபாய். ஏறத்தாழ அத்தனை கிலோமீட்டரே தூரமும் என்றார் நடத்துநர். ஆமத்தூரைத் தாண்டியதும் கரிசல் காடு விரிந்தது. வேலிக்கருவைக்கு நடுவே, ஒன்றையொன்று அண்டாமல் தள்ளித் தள்ளி நின்றன பட்டாசு ஆலைகளின் சிறு கட்டடங்கள். ஒன்றில் பற்றும் தீ மற்றொன்றுக்குத் தாவக் கூடாது என்பதற்கான இடைவெளி அது. என் கட்டுரையில் அவற்றை 'நெருக்கியடித்த கொட்டகைகள்' என்று வர்ணித்திருந்தேன். சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பக்கத்து இருக்கைக்காரர் விசாரித்தார். "அண்ணாச்சி, வீட்டுல விசேசமா? வெடி எடுக்கப் போறீகளா?"

"இல்லை. புத்தக அச்சு வேலை."

"அப்ப வெடிக்காத சரக்குன்னு சொல்லுங்க!"

பின் இருக்கையிலும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

எட்டரை மணிக்கு அச்சக உரிமையாளர் குணசேகரன் வாசலிலேயே கைகூப்பி வரவேற்றார். "வாங்க சார், சாப்பிட்டீகளா?" அவருடைய அறையில் எனக்கு உயரமான நாற்காலி போடப்பட்டது. சிறிது நேரத்தில் முத்துமாரி என்ற பெண்மணி, தாள்களை மடித்துப் புத்தகவடிவாக்கிய மாதிரிப் பிரதியைக் கொண்டுவந்து வைத்தார். பக்க வரிசை சரிபார்ப்பது அவர் வேலை. இங்கு வருமுன் சாத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவராம். பிரதியை வைத்தவர் நகரவில்லை.

"ஐயா, நாப்பத்தேழாம் பக்கம் நீங்க எழுதுனதா?"

"ஆம்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து. மேடைதோறும் என்னை வாசிக்கச் சொல்லும் வரி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது: 'மாலையில் வீடு திரும்பும் தாயின் உள்ளங்கையில் பச்சை உப்பின் பசுமை, குழந்தை அதைத் தளிரென்று எண்ணி முத்தமிடுகிறது.'

"வெடி மருந்துல சேக்குற பச்சை உப்பு பச்சையா இருக்காதுய்யா. வெள்ளை. சோத்து உப்பு மாதிரியே இருக்கும். எரியும்போதுதான் பச்சை வெளிச்சம் குடுக்கும். அதனால அந்தப் பேரு."

குணசேகரன் பதறினார். "ஏம்மா, சார் எம்புட்டுப் படிச்சவுக! அது கற்பனை. எழுதுறவுக அப்படித்தான் எழுதுவாக. நீ போ."

"கற்பனைக்கு அந்த உரிமை உண்டு, அம்மா" என்றேன் நானும், வகுப்பறைக் குரலில்.

"இருக்கட்டும்யா. பச்சையா இருந்திருந்தா நாங்க பாத்துப் பயந்து நல்லாக் களுவியிருப்போம்ல? அது வெசம். ஒரு நா அரைகொறையாக் கையக் களுவிட்டு எம் மகளுக்குச் சோறு பெசஞ்சு ஊட்டிட்டேன். ரெண்டு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தா. அந்தக் கைக்குத்தான் முத்தம் குடுக்கச் சொல்லுறீக. அவ இப்ப காலேஜு. இதத்தான் படிக்கப் போறா."

குணசேகரன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொரு மணிக்கு மெஷின்ல ஏத்தணும் சார்" என்றார் குணசேகரன், தாழ்ந்த குரலில். "ஒரு வரிதான. யாருக்குத் தெரியப் போவுது?"

பத்தரை மணிவரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பொரு நாள் என்னிடம் படித்த இவ்வட்டார மாணவன் ஒருவன் பேச்சுவாக்கில் உதிர்த்தவைதாம் 'பச்சை உப்பு' என்ற இரு சொற்கள். அவற்றின் ஓசையிலேயே நின்று முழுக் காட்சியையும் கட்டிவிட்டேன். வெள்ளைப் பொடிக்குப் பச்சையென்று பெயரிட்ட இம்மக்களும் கற்பனை செய்தவர்களே. ஆனால் அவர்கள் அது எரிவதைக் கண்டிருந்தார்கள். கண்ட நெருப்பிலிருந்து எழுந்த கற்பனை அது. என்னுடையது வந்து பார்க்கச் சோம்பியதால் பிறந்தது.

மாதிரிப் பிரதியில் 'நெருக்கியடித்த கொட்டகைகள்' என்றிருந்ததைத் 'தள்ளித் தள்ளி நிற்கும் கட்டடங்கள்' என்று திருத்தினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'பச்சை உப்பு வெள்ளையாக இருக்கும், எரியும்போதே பச்சை. அது நஞ்சு. கையை நன்றாகக் கழுவிய பின்னரே தாய் குழந்தையைத் தொட வேண்டும்.' முத்துமாரியை அழைத்து வாசிக்கச் சொன்னேன்.

விரல் வைத்து வாசித்தார். "கை மட்டும் போதாதுய்யா. சேலையும் மாத்தணும்."

சேர்த்தேன். அச்சுக்கு அனுமதித்துக் கையெழுத்திட்டேன். என் பையிலிருந்த திருத்தப்படியின் பழைய பக்கத்தைக் கிழிக்கப் போனபோது அவர் தடுத்தார்.

"கிளிக்காதீக. அத எனக்குக் குடுங்க. படிக்க நல்லாத்தான் இருக்கு. கையெழுத்தும் போட்டுக் குடுங்க."

"தவறென்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"கதைன்னு தெரிஞ்சு படிச்சா என்னய்யா கொறை?"

பக்கத்தின் தலையில் 'கற்பனை' என்று எழுதி, அதன் கீழ் என் பெயரை இட்டேன். என் எழுத்தொன்றின் மேல் அச்சொல்லை நான் எழுதியது அதுவே முதல் முறை.

பன்னிரண்டரை மணிப் பேருந்தில் விருதுநகருக்குத் திரும்பினேன். அடுத்த வாரம் திருச்சியில் ஒரு கூட்டம். வழக்கம்போல் அந்தத் தளிர் வரியைக் கேட்பார்கள். சேலையையும் மாற்ற வேண்டும் என்று முடியும் வாக்கியத்துக்கு எங்கள் ஊரில் எவரும் கைதட்டப்போவதில்லை. அதைத்தான் வாசிக்கப் போகிறேன்.