அத்தானின் அமெரிக்கப் பாட்டன்

லண்டன் நோர்பரியில் அக்கா குடும்பம் இருந்த வாடகை வீட்டின் சமையலறைச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. வந்திறங்கிய அன்று யாழ்ப்பாணமாக்கும் என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். அமெரிக்காவின் ஓஹாயோ. பொரிக்கிற எண்ணெய் தெறித்து மஞ்சளாகிப்போன அந்த மாநிலத்தில் ஓர் ஆறு வளையும் இடத்தில் அத்தான் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். "அதுதான் பிள்ளை எங்கட பூர்வீகம்," என்றார். முகத்தில் பகிடிக்கான அறிகுறியே இல்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். கறுத்து மெலிந்த, அச்சு அசலான யாழ்ப்பாணத்து மனிதர். குடும்பப் பெயரோ பார்க்கர். நாங்கள் சைவம், அக்கா காதலித்து அந்தக் கிறிஸ்தவக் குடும்பத்துக்குப் போனாள். லண்டனில் எந்த அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலும் எழுதுகிறவர் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார். உடனே அத்தான் கதையை எடுத்துவிடுவார். காட்டை வெட்டி, மரக்குற்றிகளால் வீடு கட்டி, கரடி சுட்டு வாழ்ந்த ஒரு பார்க்கர், பாதிரிமாரோடு கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து தமிழ்ப் பெண் ஒருத்தியைக் கட்டினாராம். அவருடைய அப்பு, அதாவது தாத்தா, சொன்ன கதை அது. "கரடி சுட்ட பரம்பரை, கரப்பானைக் கண்டா கதிரையில ஏறுது," என்பாள் அக்கா.

நானும் சேர்ந்து சிரித்தவள்தான். ஆனால் அது எண்பதுகளின் பிற்பகுதி. ஊரில் அவர்கள் வீடு ஷெல் விழுந்து தரைமட்டமாகியிருந்தது. காணி உறுதிப் பத்திரம், கல்யாணப் படம் எல்லாம் அதோடு சரி. இங்கே அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வந்தபாடில்லை. அத்தான் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் அடித்துக்கொண்டிருந்தார். "இவங்கள் ஏலாது எண்டு திருப்பி அனுப்பினா எங்க போறது? உலகத்தில ஒரு மூலையில எண்டாலும் என்ர ஆக்கள் மண்ணைக் கொத்தி இருந்திருக்கினம் எண்டு எனக்குத் தெரிய வேணும்," என்று ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வரைபடத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமைகளில் நகரத்துப் பெரிய நூலகம் ஒன்றுக்குப் போவார். சாப்பிடாமல் கிடப்பார் என்று அக்கா இடியப்பப் பார்சலோடு என்னையும் அனுப்புவாள். பழைய அமெரிக்கப் பதிவுகளைப் படச்சுருளில் ஓட்டிப் பார்ப்போம். அந்தக் காட்டு மனிதர்களைப் பற்றி எழுதிவைத்தவர்கள் மகா கஞ்சர்கள். குடிசனக் கணக்கில் குடும்பத் தலைவனின் பெயர் மட்டும் இருக்கும்; மனைவியும் பிள்ளைகளும் வெறும் எண்கள். ஆனாலும் அகப்பட்டான், அதே ஆற்றங்கரையில் காணி வாங்கிய ஒரு பார்க்கர். வரிப் பதிவில் அவனுக்குக் குதிரையும் பசுவும் இருந்தன. "பசு வைச்சிருந்திருக்கிறார் பிள்ளை!" என்று அத்தான் தன் வீட்டுப் பட்டியில் நிற்கிற பசுவைப்போலக் கொண்டாடினார். அன்று திரும்பும் வழியில் ரயிலில் அவர் பாடிக்கொண்டு வந்தது எனக்கு இன்னும் கேட்கிறது.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் தங்கவில்லை. பார்க்கர் ஓஹாயோவை விட்டு எங்கும் போகவேயில்லை. செத்ததும் புதைத்ததும் அதே ஊரில். பிறகு, பாதிரிமார் வெளியிட்ட பழைய சஞ்சிகை ஒன்றில் மிச்சம் கிடைத்தது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியில் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் அமெரிக்காவிலிருந்து யாராவது பணம் அனுப்பினால், அனுப்பியவர் பெயரை அந்தப் பிள்ளைக்கு வைப்பது அன்றைய வழக்கம். பார்க்கர் அப்படிப் பணம் அனுப்பிய புண்ணியவான். அவன் பெயரைப் பெற்ற பிள்ளையைப் பற்றி, தகப்பனில்லாத பொடியன், கெட்டிக்காரன் என்று மட்டும் இருந்தது. அத்தானின் பரம்பரையைத் தொடக்கிய அந்தப் பிள்ளையின் பழைய பெயரை எவரும் எழுதவில்லை.

எப்படிச் சொல்வதென்று நான் விழித்துக்கொண்டிருந்தேன். அத்தான் என் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதையும் வாசித்து முடித்திருந்தார். நோர்பரியில் இறங்கி நடக்கும்போதுதான் வாய் திறந்தார். "அந்தப் பொடியனைத் தாய் என்னெண்டு கூப்பிட்டிருப்பா?"

அதன்பிறகு அவர் மனதிலிருந்து அமெரிக்கா போய், அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. ஊரிலிருந்து வருகிற வயதானவர்களிடம் கேட்டார், கொழும்புக்கு எழுதினார். ஒருவருக்கும் தெரியவில்லை. தொண்ணூறுகளில் இங்கே தங்க அனுமதி கிடைத்தது. வளர்ந்துவிட்ட மகள் ஒருநாள், "அப்பா, இது எங்கட பேரில்லைத்தானே. மாத்துவமா?" என்று கேட்டாள். "வேண்டாம் அம்மா. அவன் அதைச் சுமந்துதான் சோறு திண்டவன்," என்றார் அத்தான். அவர் அழுததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த வருடம் நவம்பரில், அவர்களுடைய தமிழ் ஆராதனையில் இறந்தவர்களை நினைவுகூர்ந்தார்கள். நானும் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். குடும்பம் குடும்பமாக எழும்பித் தங்கள் பெயர்களைச் சொல்ல, போதகர் திருப்பிச் சொல்லி ஜெபித்தார். அத்தான் எழும்பித் தாய் தகப்பன் பெயர்களைச் சொன்னார். பிறகு, "ஒரு பொடியன், பாஸ்டர். பேர் தெரியாது," என்றார். போதகர் ஒரு கணம் தயங்கி, "ஒரு பொடியன்," என்று உரக்கச் சொன்னார். முன்வரிசையில் ஒரு தாய் விம்மினாள். பின்னால் இன்னொருத்தி. ஊரில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர் அங்கே இருந்தார்களோ. யாருடைய பொடியன் என்று ஒருவரும் கேட்கவில்லை.