வரைபடத்தில் ஷானி அம்மா

ஷானி அம்மாவுக்குக் கோபம் வந்தால் கரைத்த மாவு தானே புளித்துவிடும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். அன்று வந்த கோபம் அதற்கும் மேலே. வட்டார அலுவலகச் சுவரில் குப்பை வரைபடம் ஒட்டியிருந்தார்கள். தார் எஸ் சலாமின் எங்கள் மூலையைச் சந்து பொந்து விடாமல் நடந்து, கைபேசியில் குறித்து, உள்ளூர்ப் பிள்ளைகள் போட்ட படம். குப்பை குவியும் இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. இருப்பதிலேயே பெரிய புள்ளிக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'ஷானி அம்மா வீடு' என்றிருந்தது.

எங்கள் சந்துகளுக்குப் பெயர் கிடையாது. இன்னார் வீட்டருகே என்பதுதான் முகவரி. தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் மணக்கும் அவள் விட்டும்புவாவுக்காக, அதாவது அரிசிப் பணியாரத்துக்காக, ஊரே தேடி வந்த வாசல் அது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகிவிட்டது.

படம் போட்ட கூட்டத்துக்குத் தலைவி, பக்கத்து வீட்டு நீமா. ஷானி அம்மா நேரே அவளிடம் போனாள்.

"ஏன்டி, நான் சுடுறது பணியாரமா குப்பையா?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. எந்த இடம்னு கேட்டா எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க."

"கொட்டுறது ஊரு, பேரு மட்டும் எனக்கா? அழி."

"குப்பை இருக்கிற வரைக்கும் புள்ளி இருக்கும். புள்ளி இருக்கிற வரைக்கும் பேரும் இருக்கும்."

அந்த வாரமே ஒரு கல்யாண வீட்டார், "குப்பைமேட்டு ஷானி அம்மாவா?" என்று கேட்டுவிட்டு வேறொருத்தியிடம் பணியாரம் சொல்லிவிட்டார்கள். ஷானி அம்மா அழுதாள். இருபது வருஷ உழைப்பில் சேர்த்த பேர் அது ஒன்றுதான்.

மறுநாள் விடியலில் அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய்க் குப்பைமேட்டு ஓரத்திலேயே வைத்துவிட்டாள். வானம் கறுத்தால் அங்கே ஓடும் சாக்கடையில் குப்பை மூட்டையைத் தள்ளிவிடுவது எங்கள் வழக்கம்; மழை பார்த்துக்கொள்ளும். முதலில் மாட்டியவர் தையல்காரர் சுலேமான்.

"வாங்கண்ணே. மூட்டையில என்ன, எனக்குச் சீரா?"

"இல்ல, மழை வர்ற மாதிரி இருந்துச்சு..."

"மழை அதை எங்க கொண்டுபோய் வைக்கும்? கீழ இருக்கிற உங்க மச்சினன் வாசல்லதானே? உட்காருங்க. வாழைத்தோலும் உகாலிக் களி மிச்சமும் தனியா, பாட்டில் தனியா. மத்ததைத் தள்ளுவண்டிக்காரன் எடுத்துப்பான்."

குப்பையைப் பிரிக்கச் சொல்லி நீமா கூட்டம் போட்டபோது கொட்டாவி விட்டவர் சுலேமான். அன்று மூட்டையை அவிழ்த்துப் பிரித்துவிட்டு, பணியாரமும் வாங்கிக்கொண்டு போனார். அவளிடம் ஏச்சு வாங்குவதைவிடப் பிரிப்பது சுலபம் என்று மற்றவர்களும் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். பிள்ளைகள் பழைய மேட்டை வெட்டி அள்ளினார்கள். அடுத்த பெருமழையில் சாக்கடை தடையில்லாமல் ஓடியது.

நீமா கைபேசியோடு வந்தாள். "புள்ளியை எடுத்துடறேம்மா. உங்க பேரும் போயிடும். இப்ப திருப்திதானே?"

இதற்காகத்தானே இத்தனை பாடு? ஆனாலும் ஷானி அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"குப்பையை எடு. பேரை ஏன்டி எடுக்கிற?"

"வெறும் பேரை எப்படிம்மா வைக்கிறது? ஏதாவது ஒண்ணோட பேரா இருக்கணுமே."

ஷானி அம்மா சுடச்சுட நாலு பணியாரத்தை அவள் கையில் வைத்தாள். "தின்னுட்டு யோசி."

புதுப் படம் வந்த அன்று, அவள் நல்ல கங்காத் துணி உடுத்திக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். சிவப்புப் புள்ளி இல்லை. 'ஷானி அம்மா பணியாரக் கடை' என்று இருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"எழுத்து ஏன் இவ்வளவு பொடிசா இருக்கு? குப்பைக்கு வச்சப்ப இதைவிடப் பெருசாத்தானே போட்டீங்க?"